கடை மூடும் நேரமும் கடைசி பஸ்ஸும்

பௌர்ணமிதோறும் தன் மக்கள்தொகையைக் காட்டிலும் பல மடங்கு மக்களை ஓரிரவில் வரவேற்று, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கவிட்டு, மறுநாள் பொழுது ஏறுவதற்குள் அவரவர் ஊருக்குத் திருப்பியனுப்பிவிடும் திறனைத் திருவண்ணாமலை நகரம் நெடுநாள் பழக்கத்தால் பெற்றிருக்கிறது. கார்த்திகைத் தீபத்தன்று இந்தத் திறன் உச்சத்தைத் தொடுகிறது: வேலூர் சாலை, அவலூர்பேட்டை சாலை, திண்டிவனம் சாலை, வேட்டவலம் சாலை, திருக்கோவிலூர் சாலை, மணலூர்பேட்டை சாலை, செங்கம் சாலை என நகருக்குள் வந்துசேரும் சாலைகளை ஒட்டித் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் எழுகின்றன, ஆயிரக்கணக்கில் சிறப்புப் பேருந்துகள் ஓடுகின்றன, சிறப்பு ரயில்கள் விடப்படுகின்றன, எந்தத் திசையிலிருந்து வருபவர் எங்கே வண்டியை நிறுத்த வேண்டும், எங்கே பஸ் ஏற வேண்டும் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. நகரின் வடக்கே, வேலூர் சாலையில், வேங்கிக்காலில் இருக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஆலோசனைக் கூட்டங்களில்தான் இத்தனைக்குமான திட்டம் உருப்பெறுகிறது.

அதே நகரில், அதே வேலூர் சாலையில், பௌர்ணமியல்லாத ஒரு சனிக்கிழமை இரவு 10 மணிக்கு இன்னொரு கூட்டம் வீடு திரும்பத் தொடங்குகிறது. இதன் அளவு சிறியது. ஆனால் இது வெளியே வரும் நேரத்தை அரசே குறித்திருக்கிறது. டாஸ்மாக் என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் 1983இல் தொடங்கப்பட்டு, 2003 இறுதியிலிருந்து மாநிலம் முழுவதும் மதுவின் சில்லறை விற்பனையையும் தன் கையில் வைத்திருக்கிறது. அதன் கடைகள் 2016 முதல் நண்பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடப்படுகின்றன. விற்பவர் அரசு, விலை வைப்பவர் அரசு, கடைக்கான இடத்தையும் நேரத்தையும் தீர்மானிப்பவர் அரசு என்றிருக்க, வாங்கியவர் எப்படி ஊர் போய்ச் சேர்வார் என்ற கேள்வி மட்டும் எந்தத் துறையின் கோப்பிலும் இடம்பெறவில்லை. அந்தக் கேள்விக்கு இன்று நடைமுறையிலுள்ள ஒரே விடை, கடை வாசலில் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும் இருசக்கர வாகனங்கள்தான்.

மது அருந்திவிட்டு வண்டி ஓட்டுவதை ஒழுக்கக் கேடாகவும் குற்றமாகவும் பார்ப்பது சரியே. ஆனால் அவ்விரண்டாக மட்டுமே பார்த்துவந்ததால், அது ஒரு போக்குவரத்துப் பிரச்சினையும் ஆகும் என்பது கண்ணில் படாமல் போயிற்று. ஒரு கூட்டம் குறித்த நேரத்தில், குறித்த இடங்களிலிருந்து, குறித்த சாலைகள் வழியே வீடு திரும்புகிறதென்றால், அதற்கு அபராதச் சீட்டோடு ஒரு பயணத் திட்டமும் தேவை. பக்தருக்கு அத்திட்டத்தைத் தீட்டத் தெரிந்த நிர்வாகத்துக்கு இது அந்நியமான கலை அன்று.

சட்டத்தின் நிலையை முதலில் சொல்லிவிடலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் ஒருவர் வண்டி ஓட்டுவதையும் ஓட்ட முயல்வதையும் குற்றமாக்குகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறையானால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று தண்டனை கடுமையாகியிருக்கிறது. இதே சட்டத்தின் 188ஆம் பிரிவு, இக்குற்றத்துக்குத் துணைபோவதையும் தண்டிக்கிறது. இதைக் கொண்டுதான் 2022 அக்டோபரில் சென்னை போக்குவரத்துக் காவல்துறை, குடித்தவர் ஓட்டும் வண்டியில் தெரிந்தே உடன் செல்பவர்மீதும் வழக்குப் பதியப்படும் என்று அறிவித்தது.

முப்பது மில்லிகிராம் என்ற இந்த அளவு எவ்வளவு சிறியது என்பதைக் குடிப்பவரில் பலரும் உணர்வதில்லை. ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் எரிக் விட்மார்க் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்த கணக்கு ஒன்று உண்டு: உட்கொண்ட ஆல்கஹாலின் எடையை, உடல் எடையில் ஆல்கஹால் பரவக்கூடிய பங்கால் வகுத்தால், இரத்தத்தில் அதன் செறிவு ஏறத்தாழக் கிடைக்கும், ஆண்களுக்கு அந்தப் பங்கு பத்தில் ஏழுக்குச் சற்றுக் குறைவு, பெண்களுக்கு அதனினும் குறைவு. தமிழ்நாட்டுக் கடைகளில் ‘குவார்ட்டர்’ என்று கேட்டு வாங்கப்படும் 180 மில்லிலிட்டர் புட்டியிலுள்ள பிராந்தியோ விஸ்கியோ 42.8 சதவீதம் ஆல்கஹால் கொண்டது. அதாவது அந்தப் புட்டிக்குள் 60 கிராமுக்குச் சற்று அதிகமான தூய ஆல்கஹால் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஓர் ஆண் இதை முழுதும் குடித்தால் அவருடைய இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவுக்கு ஆல்கஹால் சேரும். சட்டம் விதித்த எல்லையைப் போல ஐந்து மடங்கு. இருவர் பணம் போட்டுப் பகிர்ந்துகொள்ளும் ‘கட்டிங்’, அதாவது குவார்ட்டரில் பாதி, 75 மில்லிகிராமைத் தரும். ‘பீர்தானே’ என்று தள்ளிவிடப்படும் 650 மில்லிலிட்டர் புட்டி, 7 சதவீதச் செறிவுடையதாக இருந்தால், கட்டிங்கையும் மிஞ்சி 90 மில்லிகிராமை நெருங்கும். வயிற்றிலிருக்கும் உணவும் குடிக்கும் வேகமும் இந்த எண்களைக் கொஞ்சம் முன்பின்னாக்குமே தவிர, 30க்குள் அடக்கிவிடுவதில்லை.

இக்கணக்கின் இரண்டாம் பாதி முதல் பாதியைவிட முக்கியமானது. உடலுக்குள் சென்ற ஆல்கஹாலில் பெரும்பகுதியைக் கல்லீரல்தான் சிதைத்து வெளியேற்றுகிறது. பொதுவாக அது மணிக்கு 15 மில்லிகிராம் அளவில் ஒரே சீராக நடைபெறும் வேலை. அவசரப்படுத்தினால் அது வேகமெடுப்பதில்லை. மோர், எலுமிச்சைச் சாறு, கடுங்காப்பி, தலையில் ஊற்றிக்கொள்ளும் குளிர்ந்த நீர் என்று ஊரில் வழங்கும் கைவைத்தியம் எதுவும் குடித்தவரின் சோர்வை ஒருவேளை கலைக்கலாமே தவிர, கல்லீரலின் கடிகாரத்தைத் தள்ளிவைக்காது. ஆகவே இரவு 10 மணிக்குக் குவார்ட்டரை முடித்தவர், சட்டத்தின் எல்லைக்குள் இறங்கிவர ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகும். அப்போது விடியற்காலை 6 மணி. கட்டிங் குடித்தவருக்கே மூன்று மணி நேரம், நள்ளிரவு 1 மணி வரை. ‘கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பலாம்’ என்ற நல்லெண்ணம் ஏன் பயன்படுவதில்லை என்பதற்கும், இரவு பத்திரமாக வீடு சேர்ந்தவர் விடியற்காலை பால் வண்டியையோ பள்ளி வேனையோ எடுக்கும்போது ஏன் ஆபத்து தொடர்கிறது என்பதற்கும் விளக்கம் இதில் அடங்கியிருக்கிறது. காத்திருத்தல் ஒரு திட்டமாகாது என்றும், வண்டியை விட்டுவிட்டு வேறு வழியில் போவதே திட்டமாகும் என்றும் இக்கணக்கு சொல்கிறது.

சாலையோரத்தில் காவலர் நீட்டும் மூச்சுப் பரிசோதனைக் கருவி அளப்பதும் இதே ஆல்கஹாலைத்தான். நுரையீரலில் இரத்தமும் காற்றும் அருகருகே வரும் இடத்தில் ஆல்கஹால் ஒரு நிலையான விகிதத்தில் காற்றுக்குத் தாவுகிறது. சுமார் 2,100 பங்கு ஆழ்மூச்சில் இருப்பது ஒரு பங்கு இரத்தத்தில் இருப்பதற்குச் சமம். கருவிக்குள் இருக்கும் மின்கலம் அதை வேதிமாற்றம் செய்து, பிறக்கும் மின்னோட்டத்தைக் கொண்டு அளவைக் காட்டுகிறது. பாக்கும் ஏலக்காயும் வாயின் மணத்தை மாற்றும். நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் மூச்சை மாற்றாது.

இனி, இந்தத் தீங்கின் அளவு. 2022இல் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நேர்ந்து 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை தெரிவிக்கிறது; விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு 64,105 என்ற கணக்கோடு முதலிடத்தில் நின்றது. இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஏறத்தாழ 20 பேர் நடந்து சென்றவர்கள். ஆனால் காரணம் என்ற கட்டத்தில் ‘அதிவேகம்’ 70 சதவீதத்துக்கு மேல் இடத்தைப் பிடித்துக்கொள்ள, மது மிகச் சிறிய பங்கையே பெறுகிறது. உலக சுகாதார நிறுவனமோ, குறைந்த, நடுத்தர வருவாய் கொண்ட நாடுகள் சிலவற்றில் விபத்தில் இறந்த ஓட்டுநர்களில் 33 முதல் 69 சதவீதத்தினரின் இரத்தத்தில் ஆல்கஹால் இருந்ததாகக் கூறிவந்திருக்கிறது. இந்த இடைவெளி வியப்புக்குரியதன்று: வேகமாக வந்ததை விபத்து நடந்த இடத்திலேயே எழுதிவிடலாம், குடித்திருந்ததை நிறுவ இரத்த மாதிரி வேண்டும், ஆய்வகம் வேண்டும், உரிய நேரத்துக்குள் எடுத்திருக்கவும் வேண்டும். அதற்கும் மேல், இறந்தவர் குடித்திருந்தார் என்று எழுதினால் குடும்பத்துக்குக் காப்பீட்டுத் தொகை கிடைப்பதில் சிக்கல் வருமே என்ற மனிதத் தயக்கமும் இருக்கக்கூடும். வேகமும் போதையும் ஒரே வண்டியில் வரும்போது ஏட்டில் ஏறுவது வேகம் மட்டுமே.

மதுவையும் சாலையையும் பிரிக்க இந்நாட்டில் நடந்த மிகப் பெரிய முயற்சி தமிழ்நாட்டிலிருந்தே புறப்பட்டது. வழக்கறிஞர் க. பாலு சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்து, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் விளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பானது. 2017 மார்ச் 31 அன்று, 20,000 பேருக்கும் குறைவாக வசிக்கும் உள்ளாட்சிப் பகுதிகளில் இந்த இடைவெளி 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் உரிமம் பெற்று இயங்கும் கடைகளை இத்தடை கட்டுப்படுத்தாது என்ற விளக்கம் வந்தது. நகரங்கள் எல்லைகளை விரித்துக்கொள்ளும் காலத்தில் இந்த விளக்கத்தின் பொருள் கவனிக்கத்தக்கது. திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. இவ்வாறு உயரும் நகரம் சுற்றியிருக்கும் ஊராட்சிகளைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும்போது, நேற்றுவரை நெடுஞ்சாலையாக மட்டும் இருந்த தார்ச்சாலை, ஓர் அங்குலமும் நகராமல், விதிவிலக்கு பெற்ற நகரச் சாலையாகிவிடுகிறது. அதில் ஓடும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் எல்லைப் பலகை மாறியது தெரியாது.

அந்தத் தீர்ப்பு நடைமுறைக்கு வந்த 2017 ஏப்ரலில் மாநிலம் முழுவதும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் மூடப்பட்டு, அவற்றுள் பலவற்றை ஊர்களுக்குள்ளும் வயல்களின் நடுவிலும் திறக்க முயன்றபோது பெண்கள் சாலைக்கு வந்து போராடியது அனைவரும் அறிந்ததே. ஆனால் அப்போதும் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. கடை நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளிப்போனதால், குடிப்பவர் அங்கே போய்வரக் கூடுதல் தூரம் வண்டி ஓட்ட வேண்டியதாயிற்று. அதுவும் விளக்கில்லாத, பஸ் போகாத ஊர்ச்சாலையில். கடையின் இடத்தை மாற்றியவர்கள் குடித்தவர் செல்லும் வழியைப் பற்றி யோசிக்கவில்லை. வேங்கிக்கால் போன்ற இடத்தில் அந்த வழியின் ஆபத்து தெளிவாகவே தெரியும்: வேலூர் முதல் தூத்துக்குடி வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 38 இதன் வழியேதான் போளூர் திசையிலிருந்து நகருக்குள் நுழைகிறது, கிருஷ்ணகிரியிலிருந்து செங்கம் வழியாக வந்து செஞ்சி, திண்டிவனம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை 77 அருகிலேயே நகரில் அதைச் சந்திக்கிறது. பெங்களூருவிலிருந்து புதுச்சேரிக்கு வார இறுதியைக் கழிக்கப் போய், ஞாயிறு மாலை திரும்பும் கார்களுக்கும் இதுவே வழி. இந்த வேகமான போக்குவரத்துக்குள்தான், கலசபாக்கத்துக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் தண்டராம்பட்டுக்கும் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கும் திரும்பும் உள்ளூர் இருசக்கர வண்டிகள் கலக்கின்றன.

வீடு திரும்புவதைத் திட்டமிடுதல் என்றால் நடைமுறையில் என்ன? மேலைநாடுகளில் இதற்கு முதலில் கிடைத்த விடை, கூட்டாகக் குடிக்கப் போகும் நண்பர்களுள் ஒருவர் அன்று தொடாமலிருந்து எல்லோரையும் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் வழக்கமாயிருந்த இந்த ஏற்பாட்டை, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளி 1988 முதல் தொலைக்காட்சித் தொடர்களின் கதைக்குள்ளேயே நுழைத்து அமெரிக்காவெங்கும் பரப்பியது. தமிழ்நாட்டில் இது எளிதில் வேரூன்றாததற்குக் காரணங்கள் உண்டு. ஒன்று, இங்கே கூட்டமாக வருபவர்களும் ஆளுக்கொரு பைக்கில் வருகிறார்கள். ஒருவர் தெளிவாக இருந்தாலும் அவரால் ஒரு வண்டியைத்தான் ஓட்ட முடியும். மற்றொன்று, குடிக்கும் வட்டத்தில் குடிக்காமல் உட்கார்ந்திருப்பவருக்கு மரியாதை கிடைப்பதில்லை. சைடு டிஷ்ஷைக் காலிசெய்ய வந்தவர் என்ற கேலியே கிடைக்கிறது. அந்தக் கேலிக்குள்ளானவர்தான் அன்றைய இரவில் மற்ற நால்வரின் குடும்பங்களுக்குப் பொறுப்பாளர் என்ற எண்ணம் சினிமாவுக்குள்ளாவது நுழைந்திருக்கலாம். அங்கேயும் போதையில் வண்டி ஓட்டுவது பெரும்பாலும் நகைச்சுவைக் காட்சியாகவே நின்றுவிட்டது.

கார் வைத்திருப்பவருக்குத் தமிழ்நாட்டில் நெடுங்காலமாகவே ஒரு வழி இருக்கிறது: ‘ஆக்டிங் டிரைவர்’. சொந்த வண்டியை ஒரு நாளுக்கோ ஒரு பயணத்துக்கோ ஓட்டித்தரக் கூலிக்கு வரும் ஓட்டுநரை இச்சொல் குறிக்கிறது. திருமணத்துக்கும் திருப்பதிக்கும் அழைக்கப்படும் இவர் இரவு 10 மணிக்கு அழைக்கப்படுவது அரிது. ஜப்பானில் இதே வேலை ‘டைக்கோ’ என்ற பெயரில் தனித் தொழிலாக வளர்ந்து, 2002இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் கீழ் முறைப்படுத்தப்பட்டிருக்கிறது. அங்கே இருவர் வருவார்கள், ஒருவர் வாடிக்கையாளரின் காரை ஓட்டிச் செல்ல, மற்றவர் தங்கள் வண்டியில் பின்தொடர்ந்து வந்து தம் கூட்டாளியைத் திரும்ப அழைத்துப் போவார். பத்தாயிரம் ரூபாய் அபராதத்துக்கும் ஆக்டிங் டிரைவரின் இரவுக் கூலிக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தால், கார் உடையவருக்கு மறுக்க நியாயமில்லை.

சிக்கல் முழுதும் பைக்கில்தான் இருக்கிறது. குடித்தவர் பைக்கை விட்டுவிட்டுப் போகாததற்குக் காரணம் திமிர் என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். உண்மையில் அவரைத் தடுப்பவை இரண்டு எளிய அச்சங்கள். கடை வாசலில் விட்ட வண்டி காலையில் அங்கே இருக்குமா என்பது ஒன்று. காலை 7 மணிக்கு வேலைக்குப் போக வண்டி வேண்டுமே என்பது மற்றொன்று. தவணை இன்னும் முடியாத வண்டியாக இருந்தால் முதல் அச்சம் இரட்டிக்கிறது. தமிழ்நாட்டில் ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் அருகில் ‘சைக்கிள் ஸ்டாண்டு’ என்ற பழைய பெயரிலேயே வழங்கும் இருசக்கர வாகனக் காப்பகம் இந்த அச்சத்துக்கென்றே உருவானது போன்ற அமைப்பு: டோக்கன் உண்டு, காவல் உண்டு, இரவு தங்க ஒரு கட்டணமும் உண்டு. மதுக்கூடம் நடத்த உரிமம் கொடுக்கும்போது, இரவு முழுதும் காவலுடன் கூடிய ஸ்டாண்டு ஒன்றை அதன் நிபந்தனையாக்குவது பெரிய செலவல்ல. காலிப் புட்டிகள் காட்டையும் வயலையும் பாழாக்குகின்றன என்று உயர் நீதிமன்றம் தலையிட்டதன் பேரில், நீலகிரி தொடங்கிப் பல மாவட்டங்களில் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பித் தந்தால் அப்பணத்தைக் கொடுக்கும் முறையை டாஸ்மாக் ஏற்படுத்தியிருக்கிறது. புட்டி பத்திரமாகத் திரும்பிவர வழி காண முடிந்த ஒரு நிறுவனத்துக்கு, புட்டியை வாங்கியவர் பத்திரமாகத் திரும்பிப் போக வழி காண்பது இயலாத காரியமாக இருக்காது. 2023-24ஆம் நிதியாண்டில் மட்டும் மது விற்பனையால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய் என்பதை நினைத்தால், பணமில்லை என்ற விடையும் எடுபடாது.

பொறுப்பை விற்குமிடத்தோடு இணைக்கும் முயற்சிக்கு மாநிலத்துக்குள்ளேயே முன்மாதிரி உண்டு. 2024இல் கோவை மாநகரக் காவல்துறை, போதையில் இருக்கும் வாடிக்கையாளர் தாமே வண்டி ஓட்டிச் செல்லாதவாறு மாற்று ஏற்பாடு செய்வது மதுக்கூடம் நடத்துபவரின் கடமை என்று அறிவுறுத்தியது. வாடகைக் காரும் செயலியும் நிறைந்த பெருநகரில் இந்த அறிவுறுத்தல் நடைமுறைக்கு ஒத்துவரலாம். இரவு 10 மணிக்குப் பின் ஆட்டோ கிடைப்பதே அவரவர் அதிர்ஷ்டம் என்றிருக்கும் இடத்தில், மதுக்கூடக்காரர் அழைத்துக்கொடுக்க எதுவும் இருக்காது. காவல் சோதனையிலும் இதே குறை தென்படுகிறது. சோதனை வேண்டும், தண்டனையின் கடுமையைவிடப் பிடிபடுவோம் என்ற உறுதியே மனிதரைத் தடுக்கும் என்பதை, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பரில் தொடங்கிய திடீர் மூச்சுச் சோதனைகளும் அதையடுத்துக் குறைந்த சாவுகளும் காட்டின. ஆனால் 11 மணிக்கு வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்ட பிறகு, நிற்க முடியாத ஒருவர் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தம் ஊருக்கு எப்படிப் போவார்? அழைத்துப்போக உறவினர் வந்தால் நல்லது. வராவிட்டால் அவர் இருளில் நடக்கும் பாதசாரியாகிறார், அல்லது வழியில் போகும் இன்னொரு குடித்தவரின் வண்டியில் பின்னால் ஏறிக்கொள்கிறார்.

எஞ்சியிருப்பது பஸ். தமிழ்நாட்டின் ஊர்ப்புறப் பொருளாதாரமே நகரப் பேருந்தையும் 1997இல் அறிமுகமான மினி பஸ்ஸையும் நம்பி வளர்ந்தது. 2025இல் புதிய மினி பேருந்துத் திட்டமும் தொடங்கப்பட்டிருக்கிறது. எனினும் சிற்றூர்களுக்கான சேவை முன்னிரவிலேயே மெலிந்துவிடுகிறது. மதுக்கடையின் நேரத்தைக் குறித்த அரசும் கடைசி பஸ்ஸின் நேரத்தைக் குறித்த அரசும் ஒன்றுதான் என்றாலும், இரு நேரங்களையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்தவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் மட்டும், 10.15க்கும் 11 மணிக்கும் என இரண்டு நடைகள், போளூர், அவலூர்பேட்டை, வேட்டவலம், தண்டராம்பட்டு ஆகிய நான்கு திசைகளில் 20 கிலோமீட்டர் வரை போனாலே, நகரில் குடிக்கும் உள்ளூர்க்காரர்களில் கணிசமானோருக்கு ஒரு மாற்று கிடைத்துவிடும்.

இதற்கு எதிராக எழக்கூடிய முதல் வாதம், குடிகாரருக்கு அரசு பஸ் விடுவதா என்பது. 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்த மரபுடைய மாநிலத்தில் அந்தக் கோபம் இயல்பானதே. முழு மதுவிலக்கே தீர்வு என்று கருதுவோரின் வாதத்துக்கு வலுவும் உண்டு. ஆனால் மதுவிலக்கு வரும்வரை, எதிரில் வரும் வண்டியில் குழந்தையோடு செல்பவர் எந்தப் பாவமும் செய்யவில்லை. விபத்துக்குப் பிறகு 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தை 2021 டிசம்பரில் தொடங்கிய அரசு, அடிபட்டவர் குடித்திருந்தாரா என்று கேட்டுவிட்டா கட்டுப்போடுகிறது?

இரண்டாவது வாதம் இதைவிடக் கனமானது. அதற்கு எளிதான விடையும் இல்லை. இரவு பஸ்ஸில் போதையில் ஏறுபவரால் மிகுதியும் துன்பப்படுபவர்கள் பெண்கள். பயணிகளின் நடத்தையை ஒழுங்குபடுத்தவும், அத்துமீறுபவரை நடத்துநர் இறக்கிவிடவும் விதிகள் வகுக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 95ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. அந்த அதிகாரம் இருக்கத்தான் வேண்டும். எனவே இன்றைய நிலையில், வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் போகலாம் என்று சரியான முடிவை எடுத்தவரும் பாதி வழியில் இறக்கிவிடப்படலாம். அவரை இறக்கிவிட்ட நடத்துநர்மீதும் குறை சொல்ல முடியாது. ஒரே பஸ்ஸில் அவருக்கும் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்றால், பௌர்ணமிக் கூட்டத்தை ஒழுங்குசெய்யப் பணியில் நிறுத்தப்படும் ஊர்க்காவல் படையினரில் ஒருவர் அந்த நடையில் உடன் செல்வதும், முன்பாதி முழுவதும் பெண்களுக்கென்று இருப்பதும், அந்த பஸ்ஸுக்குக் குடியோடு தொடர்புடைய பெயர் எதுவும் வைக்காமல் வெறும் இரவு நடையாகவே அட்டவணையில் சேர்ப்பதும் தேவைப்படும். கோயில் வீதியின் உணவகங்களில் பாத்திரம் கழுவி முடித்து 10 மணிக்கு வெளியே வரும் பெண்ணுக்கும், மருத்துவமனையில் இரவு உணவு கொடுத்துவிட்டுத் திரும்பும் உறவினருக்கும் அந்த நடை உதவும். அவர்கள் ஏறுவதுதான் அதன் தரத்தையும் காக்கும்.

இந்த முடிவுகளை எடுக்கப் புதிய அமைப்பு எதுவும் வேண்டியதில்லை. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் ஆணையிட்டது. ஆட்சியர் தலைமையில் காவல்துறை, போக்குவரத்துத் துறை, நெடுஞ்சாலைத் துறை, சுகாதாரத் துறை அலுவலர்கள் கூடும் குழு அது. வேகத்தடை, ஒளிரும் பட்டை, ஹெல்மெட் விழிப்புணர்வுப் பேரணி ஆகியவை இத்தகைய குழுக்களின் வழக்கமான பொருள்கள். டாஸ்மாக்கின் மாவட்ட மேலாளருக்கும், விழுப்புரம் கோட்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனை மேலாளருக்கும் அந்த மேசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி போட்டு, ஒருவர் கடைகளின் பட்டியலையும் மற்றவர் கால அட்டவணையையும் எடுத்துவரச் சொன்னால், வேங்கிக்காலில் அடுத்த பௌர்ணமி ஏற்பாடுகளைப் பேசக் கூடும் அதே நாளின் பிற்பகலில் அரைமணி நேர வேலை.